இட்லிக்கும் தோசைக்கும் ஒரே தோட்டா

உலகத்தில் உள்ள சாமான்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திப் போய்விட்டால் மனிதர்களுக்குள் சண்டையே வராது என்று நம்பிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் தெரு ஒத்தச்சாவிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார்.

இலுப்பூரில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவுக்கு ஒரு சுவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மீசை மட்டும் ஓய்வு பெறவில்லை, கடைசிவரை ‘அட்டென்ஷ’னிலேயே நின்றது. எனக்கு அண்ணன் முறை. அவர் வீட்டுக்காரி பாக்கியம் எனக்கு மதினி. ஆண்பிள்ளைகள் முன்னால் நின்று பேச எனக்கு நாக்கு எழும்பாது, சின்னதிலிருந்தே அப்படித்தான். ஆகையால் அண்ணனிடம் நான் பேசியதெல்லாம் மதினி வழியாகத்தான். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். நான், “மதினி, அண்ணன்கிட்ட மோட்டாரை நிப்பாட்டச் சொல்லுங்க, தொட்டி வழியுது” என்பேன். அவர், “பாக்கியம், நிப்பாட்டியாச்சுன்னு தங்கச்சிகிட்டச் சொல்லு” என்பார்.

மதினிக்குப் பற்றிக்கொண்டு வரும். “ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல? நடுவுல என்னைய எதுக்குப் போன் கம்பியாட்டம் இழுத்துக் கட்டியிருக்கீங்க?”

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்து பழகியவருக்கு, வீட்டில் கதவுக்கு ஒரு சாவி, பீரோவுக்கு ஒரு சாவி, சைக்கிளுக்கு ஒரு சாவி என்று கிடந்ததைப் பார்க்கப் பார்க்க உடம்பு அரித்தது. கடைத்தெருவுக்குப் போய், ஒரே சாவிக்குத் திறக்கிற பூட்டாகப் பார்த்து ஒரு பை நிறைய வாங்கி வந்தார். முன்கதவு, பின்கதவு, பீரோ, சைக்கிள், கோழிக்கூடு, ஊறுகாய் ஜாடி இருந்த அலமாரி எல்லாவற்றிலும் அந்தப் பூட்டுத்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. அதைப் பத்திரமாகப் பீரோவுக்குள் வைத்து, பீரோவைப் பூட்டிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மதினி தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் சீயக்காய் கரைக்கப் போன நேரம், இவர் பழக்கதோஷத்தில் பின்கதவைப் பூட்டி, முன்கதவைப் பூட்டி, சாவியோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார். மதினி எண்ணெய் வழிய வழியச் சாயங்காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பி வந்ததும் மதினி கேட்ட முதல் கேள்வி, “கோழியை மட்டும் எதுக்கு உள்ள வச்சுப் பூட்டுனீங்க, அதையும் தெருவுல விட்டிருக்கலாம்ல?”

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த மாதம் வந்தது. ரேஷன் கடையில் என் சாவியைத் தொலைத்துவிட்டு நான் என் வீட்டு வாசலில் நின்றேன். மதினி கேலியாக, “எங்க வீட்டு மகாராஜா சாவியைப் போட்டுப் பாரேன்” என்றாள். அவர் வந்து போட்டார். திறந்துவிட்டது! கடைக்காரன் மிச்சமிருந்த பூட்டுகளை எங்கள் தெருவுக்கே விற்றிருக்கிறான்! அண்ணனுக்கோ ஒரே பெருமை. சாவியைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் போட்டுப் பார்த்தார். இங்கிட்டு ரெண்டு வீடு, அங்கிட்டு மூணு வீடு, எல்லாம் திறந்தன. “பாத்தீங்களா, தெருவே ஒரு குடும்பம்!” என்றார். தெருவே அன்று சாயங்காலத்துக்குள் பூட்டை மாற்றிவிட்டது.

நான் மட்டும் மாற்றவில்லை, வீட்டுக்குள் இருந்த மாற்றுச் சாவியை வைத்துச் சமாளித்தேன். என் மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். “வாரப்ப நல்ல பூட்டா வாங்கியாரேன்மா” என்றான். வந்தபோதெல்லாம் மறந்தான்.

மூக்குக் கண்ணாடியிலும் இதே கதைதான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி. டாக்டர் ரெண்டு சீட்டு எழுதிக் கொடுத்தால், இவர் கண்ணாடிக் கடையில், “ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போடுங்க” என்று சொல்லி வாங்கி வந்தார். அதைப் போட்டால் மதினிக்கு ஊசிக்காது தெரியாது, இவருக்குப் பஸ் போர்டு தெரியாது. “ஒருத்தருக்காவது தெரிஞ்சா இன்னொருத்தருக்குப் பொறாமை வரும்” என்பார்.

இப்படிப்பட்டவர் கையில் துப்பாக்கி வேறு இருந்தது. பயப்பட வேண்டாம், லைசென்ஸ் உள்ளதுதான். புதுக்கோட்டையில் ஒரு நகைக்கடை வாசலில் காவல் வேலை. இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி, மேலே சட்டை. ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு வளையாது. அந்த ஸ்டூல்தான் அவருக்கு உயிர். ‘கடை’ என்றுகூடச் சொல்ல மாட்டார், ‘டியூட்டி’ என்பார்.

பெரிய முதலாளி இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. அவர் மகன் கல்லாவில் உட்கார்ந்ததும் வினை வந்தது. ஒருநாள் கூப்பிட்டு, “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க துப்பாக்கி யாரு கண்ணுக்கும் தெரியல. யாரோ ஒரு பெரியவரு காத்து வாங்குறாருன்னு நெனைக்கிறாங்க. நேத்து ஒரு அம்மா ஒங்ககிட்டச் செருப்பைப் பாத்துக்கச் சொல்லிட்டு உள்ள வந்திருக்கு” என்றானாம்.

“பாத்துக்கிட்டேன்ல?” என்றாராம் இவர்.

“அது சரிங்கய்யா. ஆனா தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தாலே திருடனுக்குத் தெரியணும். தீபாவளிக்குள்ள நீளத் துப்பாக்கியோட வாங்க. இல்லேன்னா நான் வேற ஆளு பாக்க வேண்டியதுதான்.”

மற்ற காவல்காரர்கள் எல்லாம் வைத்திருக்கிற மாதிரி ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அதற்கு வேறு தோட்டா! நம் ஆள் ஒத்துக்கொள்வாரா? “ஒரே மனுசன், ரெண்டு துப்பாக்கி, ரெண்டு சாதித் தோட்டாவா? அவசரத்துல மாத்திப் போட்டா என்ன ஆகும்?” என்றார். கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டுச் சுடுகிற நீளத் துப்பாக்கி ஒன்று இருக்கிறதாம். கார்பைன் என்று பெயராம். பட்டாளத்தில் பிடித்திருக்கிறாராம். அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கலெக்டர் ஆபீசுக்கு நடையாக நடந்து இன்னொரு துப்பாக்கிக்கு அனுமதியும் வாங்கிவிட்டார்.

மதினிக்கு அதை அவர் விளக்கிய அழகை நான் சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டேன்.

“இந்தா பாரு பாக்கியம். ஒரே மாவுதானே? இட்லித் தட்டுல ஊத்துனா இட்லி, கல்லுல ஊத்துனா தோசை. அது மாதிரி ஒரே தோட்டா. சின்னதுல போட்டா பிஸ்டல், நீளத்துல போட்டா கார்பைன்.”

“மாவு புளிச்சுப் போச்சுன்னா?”

“என்னது?”

“மாவு புளிச்சா இட்லியும் போச்சு, தோசையும் போச்சுல்ல? அப்ப என்ன செய்வீங்க, திருடனுக்கு உப்புமா கிண்டிப் போடுவீங்களா?”

மதினி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ஒரு துப்பாக்கியோட குடும்பம் நடத்துறதே எனக்கு வவுத்துல நெருப்பு. ரெண்டாவது ஒண்ணு இந்த வாசப்படி ஏறுச்சுன்னா, நான் வாசப்படி எறங்கி மணமேல்குடிக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். அப்பறம் ரெண்டு துப்பாக்கியும் ஒங்களுக்குப் பொங்கிப் போடட்டும்.”

மதினி சொன்னால் செய்கிறவள். எனக்குக் கீரை கையிலேயே நின்றுவிட்டது. ஸ்டூல் போனால் அண்ணன் உடைந்துவிடுவார். துப்பாக்கி வந்தால் மதினி போய்விடுவாள். இதற்கு நடுவில் எந்தச் சாவியைப் போட்டுத் திறப்பது?

அவர் அசரவில்லை. ஆராய்ச்சியை ஆரம்பித்தார். விடிந்ததும் விடியாததுமாகப் போனில் வெள்ளைக்காரன் ஒருத்தன் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிற படத்தை வைப்பார். பேச்சு எனக்கு விளங்காது, நடுநடுவே டுமீல் டுமீல் என்பது மட்டும் நன்றாக விளங்கும். நான் ஒவ்வொரு டுமீலுக்கும் கோலத்தில் ஒரு புள்ளியை இழுத்துவிடுவேன். என் வாசலில் அந்த மாதம் முழுக்கக் கோணல் கோலம்தான். என் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். படம் பார்க்கும்போது காபி டம்ளரைச் சுவர் மேல் வைப்பார். வைக்கும்போது அது தந்தியடிக்கிற மாதிரி டகடகவென்று அடிக்கும். மதினி உள்ளேயிருந்து, “என்னங்க சத்தம்?” என்பாள். “காத்து” என்பார். இலையசையாத புழுக்கத்தில் காற்று எங்கிருந்து வந்தது? அப்புறம் பார்த்தால், “பாக்கியம், அரை டம்ளர் ஊத்து போதும், வயசாச்சுல்ல” என்று ஆரம்பித்திருந்தார்.

இன்னொரு நாள் காலையில் கொல்லைப்பக்கம் போன நான் அலறிவிட்டேன். சுவருக்கு மேலே உலக்கை ஒன்று என் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அண்ணன்.

“பாக்கியம், தங்கச்சியைக் கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லு. முருங்கை மரத்தைக் குறி பாக்குறேன்” என்றார்.

உலக்கை நீளம் ஜாஸ்தி என்று முடிவாயிற்று. விளக்குமாறு கனம் பத்தவில்லை. கரும்பு சரியாக இருந்ததாம், ஆனால் பாதி ஆராய்ச்சியில் எறும்பு மொய்த்துவிட்டது. கடைசியில் ஆசாரியிடம் போய், வேப்பங்கட்டையில் அளவெடுத்து ஒரு கார்பைன் செய்யச் சொன்னார். கடை வாசலில் வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம், ஸ்டூலுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் இடிக்காத நீளம் எது என்று. ஆசாரி நல்ல வேலைக்காரர். கருப்பு வார்னிஷ் அடித்து, தோள்பட்டைக்கு வளைவு கொடுத்து, பார்க்கிறவன் மூச்சு நிற்கிற மாதிரி செய்து கொடுத்துவிட்டார்.

அதை ஒரு காக்கித் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் ஏறிய அன்று, என் போதாத காலம், நானும் ஆஸ்பத்திரிக்கு அதே பஸ்ஸில் ஏறினேன். அவருக்கு ரெண்டு வரிசை பின்னால் எனக்கு இடம். வழியில் ஆடு ஒன்று குறுக்கே வந்ததும் டிரைவர் பிரேக் போட்டார். துண்டு நழுவியது. கருப்புக் குழாய் முன்சீட்டுக்காரர் தோளில் போய் உட்கார்ந்தது.

அந்த மனிதர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஒரு கையில் தூக்குச்சட்டி இருந்தது. அதிலிருந்து சாம்பார் அவர் தலையில் வழிந்தது. அப்படியும் கையை இறக்கவில்லை.

“ஆத்தே! துப்பாக்கி!” என்று ஒரு பெண் கத்தினாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஒருத்தர் சீட்டுக்கு அடியில், ஒருத்தர் ஜன்னலில், ஒரு மஞ்சள் பை என் மடியில். “கட்டைங்க, வெறும் கட்டை” என்று எழுந்து சொல்ல நினைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்டக்டர் மட்டும் கிட்டே வந்து, “ஐயா… எங்க எறங்கணும்? எங்கன்னாலும் நிப்பாட்டுறோம். டிக்கெட்டெல்லாம் வேணாம்” என்றார்.

“டிக்கெட் எடுத்தாச்சுப்பா” என்றார் அண்ணன்.

டிரைவர் வேறெதுவும் கேட்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் பஸ்ஸுக்கே வந்து கட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். “வேம்பா?” என்றார்.

“வேம்புங்க. பூச்சி அரிக்காது.”

“எதுக்குங்கய்யா இதெல்லாம்?”

அண்ணன் டியூட்டி, நீளம், ஸ்டூல், தோட்டா எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்தது. “அப்ப நெசத் துப்பாக்கி எங்க?”

இவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். கூடவே லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்து நீட்டினார். அத்தனை நேரமும் நிஜத் துப்பாக்கி அவர் இடுப்பில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! அதை ஒரு ஆளும் சீந்தவில்லை! அத்தனை பேரும் வேப்பங்கட்டைக்குத்தான் பயந்திருக்கிறார்கள்.

“இனிமே கட்டையைத் துண்டுல சுத்திப் பஸ்ல கொண்டாராதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்கு வந்து அண்ணன் மதினியிடம் சொன்னது இது: “முதலாளி மகன் கெட்டிக்காரப் பயதான். சனங்க நெசத்துக்குப் பயப்படல பாக்கியம், நீளத்துக்குத்தான் பயப்படுது.”

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் அவர் தேடியது வந்திருப்பதாகப் போன் வந்தது. “நானும் வாரேன்” என்றாள் மதினி. “நீங்க எதைக் கட்டிக்கிட்டு வாரீங்கன்னு என் கண்ணால பாக்கணும்.” துணைக்கு என்னையும் இழுத்தாள். பயந்து செத்துக்கொண்டு போனேன். துப்பாக்கிக் கடை என்றால் புகையும் கரியுமாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போனால் பட்டுச்சேலைக் கடை மாதிரி ஏசி குளுகுளு என்றிருந்தது. கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் என் மகன் வயதுக்காரர், “வாங்கம்மா, ஒக்காருங்கம்மா” என்று மூன்று பேருக்கும் காபி சொன்னார்.

அண்ணன் ஆசையாக முதலில் கேட்டது பட்டாளத்தில் பிடித்த அதே கார்பைனைத்தான். “அதெல்லாம் நமக்குக் குடுக்க மாட்டாங்கய்யா. அது படைக்கும் போலீசுக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, இவர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பொருந்துகிற ஒன்றை எடுத்து, உள்ளே காலியாக இருப்பதைத் திறந்து காட்டிவிட்டு, மேசை மேல் வைத்தார்.

மதினி முந்திக்கொண்டாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். “இதைவிடக் கனம் கம்மியா இருக்கா தம்பி?” என்றாள்.

“இதாம்மா கம்மி.”

“மழையில நனைஞ்சா சாயம் போகுமா?”

“போகாதும்மா. எண்ணெ மட்டும் போட்டு வைக்கணும்.”

“ரொம்ப தூரம் போயிப் பாயுமோ?”

“பெரிய ரைபிள் மாதிரி பாயாதும்மா. பாக்கத்தான் நீளம், பேசுறது பிஸ்டல் பேச்சு. தோட்டா சின்னதுல்ல? அதனால ஒதையும் கம்மி, சத்தமும் கம்மி.”

“வீட்டுல இருக்கிற ஆளு மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் மதினி. கடைக்காரர் இருமிக்கொண்டார்.

பிறகு அவர் அண்ணனிடம், “ஐயா, ஒங்க பிஸ்டலையும் இதையும் மாத்தி மாத்திப் பிடிச்சுப் பாருங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்” என்றார். அண்ணன் தோட்டாக்களை எல்லாம் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியைக் கை நீட்டிச் சுவர்க் காலண்டருக்குப் பிடித்தார்.

துப்பாக்கி முனை நிற்கவில்லை. காலண்டரில் திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்குமாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தார். அப்போதும் ஆடியது.

மதினி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். “எத்தனை நாளா?” என்றாள்.

“எது?”

“கை.”

“குளிரு. மெசின் போட்டிருக்கான்ல?”

“ஒங்களுக்கு நெத்தி வேர்க்குது.”

கடைக்காரர் நல்ல மனுஷன், ஒன்றும் நடக்காத மாதிரி கார்பைனை எடுத்து அவர் தோளில் பதித்துக் கொடுத்தார். அதைத் தோளிலும் கன்னத்திலும் அண்டக் கொடுத்து அண்ணன் நின்றார். முனை அசையவில்லை. சுவரில் ஆணியடித்த மாதிரி ஒரே தேதியில் நின்றது. அவர் மீசை மெல்ல விரிந்தது. இந்த உலக்கை, கரும்பு, வேப்பங்கட்டை எல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. நீளத்துக்காக அவர் அலைந்ததில் பாதி முதலாளி மகனுக்காக, மீதி ஆடுகிற கையைத் தோளில் தாங்கிக்கொள்வதற்காக.

“பாத்தீங்களாய்யா, ஆடவே இல்ல” என்றார் கடைக்காரர்.

மதினி எழுந்தாள். வாசப்படி இறங்குகிறேன் என்று சொன்ன மதினி, கைப்பையை மடியில் வைத்துத் திறந்தாள். “தம்பி, இதையே போட்டுக் குடுங்க” என்றாள்.

மதினியா? இந்த வாயா?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அண்ணன் கொடுத்தார். கார்பைனைத் தோளிலிருந்து இறக்கி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேசை மேல் கிடத்தினார்.

“வேணாம்.”

“ஏங்க? அதான் ஆடலையே?”

“அது ஆடல பாக்கியம். நான் ஆடுறேன்ல? தோள்ல வச்சு, கன்னத்துல அண்டக் குடுத்து, மூச்சைப் பிடிச்சு நிக்கிற வரைக்கும் திருடன் காபி குடிச்சிக்கிட்டா இருப்பான்? கடை வாசல்ல எந்நேரமும் பிள்ளையும் குட்டியுமா பொம்பளைக நிக்கிறாக. ஆடுற கையிக்குச் சின்னதும் கூடாது, நீளமும் கூடாது.”

பிறகு அவர் கைத்துப்பாக்கியையும் கடைக்காரர் பக்கமே தள்ளினார். “இதையும் வித்துக் குடுத்துருங்க தம்பி. எழுத வேண்டியதெல்லாம் எழுதிக்கங்க.”

“வீட்டுல தோட்டா மிச்சம் இருக்குங்களாய்யா?”

“இருக்கு” என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. “எல்லாம் ஒரே சைஸ்.”

திரும்பி வரும்போது பஸ் விராலிமலை தாண்டியதும் மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “ராத்திரிக்கு இட்லி ஊத்தவா, தோசை ஊத்தவா?” என்று கேட்டாள்.

“எதுன்னாலும் ஒரே மாவுதானே” என்றார் அண்ணன். மதினி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே கைப்பையை வைத்து மறைத்துக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர்கள் பட்டப்பகலில் பஸ்ஸில் இப்படிச் செய்வார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளே கடைக்குப் போய்த் தானாகவே சொல்லிவிட்டு வந்தார். ஸ்டூலை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அது இப்போது அவர் வீட்டு வாசலில் கிடக்கிறது. வேப்பங்கட்டைத் துப்பாக்கியும் வீணாகவில்லை. ஒரே சாமான், ஆயிரம் உபயோகம்: கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுக்கும், முருங்கைக்காய் பறிக்கும், பரண்மேல் பானையை நகர்த்தும். கடலைக் கொல்லையில் மயில் விரட்ட நட்டு வைத்தார். முதல் நாள் மயில் பயந்தது. இரண்டாம் நாள் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து தோகையை உதறியது. “பறவைக்கு நீளமும் தெரியுது, நெசமும் தெரியுது” என்றார்.

போன மழைக்காலத்தில் எனக்கு மூட்டுக்காய்ச்சல் வந்தது. கம்பிக்கதவை உள்பக்கம் பூட்டிவிட்டுப் படுத்தவள், விடிந்து வெயில் ஏறியும் எழுந்திருக்க முடியவில்லை. கை கால் எல்லாம் கட்டிப்போட்ட மாதிரி கிடந்தது. மதினி சுவருக்கு மேலிருந்து கூப்பிட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். கம்பிக்குள் கையை விட்டு யாரோ பூட்டைப் பிடித்தார்கள். அப்புறம் சாவிச் சத்தம். டக், டக், டகடக, டக். சாவி துவாரத்தைத் தேடித் தேடிப் பூட்டு மேல் தட்டிக்கொண்டே இருந்தது.

“குடுங்க, நான் தொறக்குறேன்” என்றாள் மதினி.

“இரு. இது என் சாவி.”

மறுபடியும் டக், டக். பாயில் கிடந்தபடி நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் களுக்கென்று திறந்தது. மதினி உள்ளே ஓடிவந்து நெற்றியைத் தொட்டாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “பாக்கியம், கஞ்சி வேணுமான்னு தங்கச்சியைக் கேளு” என்றார்.

“குடிக்கிறேண்ணே” என்றேன் நான். மதினி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஓடிவந்த மகன், இந்தத் தடவை மறக்காமல் விலையுயர்ந்த பூட்டு ஒன்று வாங்கி வந்தான். எந்தக் கள்ளச் சாவிக்கும் திறக்காதாம். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். கம்பிக்கதவில் அந்தப் பழைய பூட்டுத்தான் தொங்குகிறது.